மடிப்பு மேசையில் நாலேகால் மணி நேரம்

அந்தச் சலவைக் கூடத்தில் வயர் வைத்த எது கெட்டாலும் அவள் தலையில்தான் விடியும். கணினி நின்றாலும் அவள், தொலைபேசி கரகரத்தாலும் அவள், வாசலில் வருகை பதியும் பெட்டி யாருடைய கட்டைவிரலையாவது ஏற்க மறுத்தாலும் அவள். ஒருமுறை டீ மெஷின் டீயை விட்டுவிட்டு வெறும் சர்க்கரையைத் துப்பியபோதும், “சிஸ்டம் அக்காவைக் கூப்பிடு” என்றுதான் கத்தினார்கள். அவளும் போய்ப் பார்த்தாள். சரிசெய்தும் விட்டாள். அது பெரிய தப்பு. அன்றிலிருந்து டீ மெஷினும் அவள் கணக்கில் சேர்ந்துகொண்டது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வந்தது துணி மூட்டைகளுக்குச் சீட்டு எழுத. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு கணினி வந்து இறங்கியது. யாருக்கும் அதைத் தொடத் தைரியம் இல்லை. “எழுதுற வேலை யாரு பாக்குறா? அவளையே உக்கார வை” என்றார் முதலாளி. உட்கார்ந்தாள். வகுப்பு எதற்கும் போகவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். மூன்று நோட்டு நிறைந்தபோது அவளுக்கு வேலை தெரிந்திருந்தது. முதுகுவலியும் வந்திருந்தது.

இப்போது நாற்பத்தி நாலு வயது. காலையில் அலுவலக அறையைத் திறந்து உட்காரும்போதே, சாயங்காலம் எழுந்து போவதைப் போலத்தான் இருப்பாள்.

கூடத்துக்கு மூன்று மருத்துவமனைகளின் துணி வரும். விரிப்பு, போர்வை, நோயாளி அங்கி, திரைச்சீலை. ஒரு நாளைக்கு அறுபது தள்ளுவண்டி. முன்புறம் ஆறு சலவை மெஷின்கள். அவற்றை ஒட்டி இரண்டு டிரையர்கள். டிரையர்களுக்குப் பின்னால், இரும்புத் தகட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், மடிப்புப் பகுதி. நீளமான மேசை ஒன்று, அதைச் சுற்றி ஆறு பெண்கள். மடித்த துணியெல்லாம் சாயங்காலம் ஐந்து மணி வேனில் ஏறிப் போக வேண்டும். போகாமல் ஐந்தாறு வண்டி தங்கிவிட்டால், மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வரும். அந்தத் தொலைபேசியை எடுப்பதும் அவள்தான், ஏனென்றால் அதற்கும் வயர் இருக்கிறது.

துணி எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்கத்தான் போன வருஷம் புது மென்பொருள் வாங்கினார்கள். ஒவ்வொரு வண்டியிலும் கோடு போட்ட சீட்டு ஒன்று தொங்கும். வரவு, சலவை, மடிப்பு, அனுப்பு என்று நாலு இடத்தில் அந்தச் சீட்டை ஸ்கேனரால் காட்ட வேண்டும். எந்த வண்டி எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று கணினி சொல்லிவிடும். நிறுவ வந்தவர், “டிரையர்லயும் ஒரு இடம் வச்சுக்கலாமே?” என்று கேட்டார். “டிரையர் பக்கத்துலதானே இருக்கு. அதுவும் சலவையும் ஒண்ணுதான்” என்று முதலாளி சொல்லிவிட்டார். நாலோடு நின்றது.

எல்லா இடத்திலும் நன்றாக ஓடியது, மடிப்புப் பகுதியைத் தவிர. அந்த இரும்புச் சுவரைத் தாண்டி சிக்னல் போகாது. ஸ்கேனரைக் காட்டினால் சின்னச் சக்கரம் ஒன்று சுற்றும். ஒரு நிமிஷம் சுற்றும். சில சமயம் சுற்றிவிட்டு, ‘மீண்டும் முயலவும்’ என்று சொல்லும். அதற்குள் பின்னால் இரண்டு வண்டி வந்து முட்டிக்கொண்டு நிற்கும். முதல் வாரம் முடிவதற்குள் மடிப்புப் பகுதி மேஸ்திரியம்மா ஸ்கேனரை எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்கே வந்துவிட்டாள்.

“இந்தா, உன் பிள்ளையை நீயே வச்சுக்கோ. இது சுத்தறதைப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது.”

சிஸ்டம் அக்கா அன்று ஏற்கெனவே மூன்று சண்டை பார்த்திருந்தாள். நாலாவதுக்குத் தெம்பு இல்லை. மேசைக்கு அடியில் கிடந்த ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

“மடிச்சு முடிச்சதும் சீட்டோட அடிப்பாதியைக் கிழிச்சு இதுல போடுங்க. நாலு மணிக்கு நான் வாங்கி மொத்தமா ஸ்கேன் பண்ணிக்கறேன்.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

அவ்வளவுதான். பதினோரு மாதம் அப்படியே ஓடியது. நாலு மணிக்கு டப்பா வரும். அறுபது சீட்டை வரிசையாகப் பீப் பீப் என்று காட்டுவாள். எண்ணிக்கை அச்சுப் பிசகாமல் இருக்கும். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்பதற்கு ஆள் வந்தது இந்த வருஷம்தான். முதலாளிக்கு முட்டிவலி வந்து படியேற முடியாமல் போகவே, நிர்வாகத்தைப் பெண்ணின் கணவரிடம் கொடுத்தார். கூடத்தில் எல்லோரும் அவரை ‘மாப்பிள்ளை சார்’ என்றார்கள். கெட்ட மனுஷர் இல்லை. குரல் உயர்த்த மாட்டார். ஆனால் வாயால் சொன்னதை நம்ப மாட்டார், திரையில் வந்ததைத்தான் நம்புவார். மென்பொருள் கம்பெனிக்காரர்களிடம் சொல்லி, எல்லா எண்ணையும் ஒரே பார்வையில் காட்டும் பக்கம் ஒன்றைத் திறக்க வைத்திருந்தார். நாலு கட்டம். மூன்று பச்சை. ஒன்று மட்டும், வைத்த கெடுவைத் தாண்டியதால், சிவப்பு.

ஒரு திங்கட்கிழமை காலை அவளைக் கூப்பிட்டார்.

“இதைப் பாருங்க. சலவை முடிஞ்சு மடிப்பு முடியறதுக்கு சராசரி நாலேகால் மணி நேரம் ஆகுது. மத்த இடத்துல எங்கயும் ஒரு மணி நேரத்தைத் தாண்டல. வேன்ல ஏறாம தங்கற வண்டிக்கெல்லாம் காரணம் இதுதான்.”

அவள் திரையைப் பார்த்தாள். சிவப்புக் கட்டத்தின் மேல் ‘மடிப்பு’ என்று இருந்தது.

“மடிப்பு மெஷின் ஒண்ணு பாத்திருக்கேன்” என்றார் அவர். “ரெண்டு பேர் நின்னா போதும். சனிக்கிழமை வந்து இடத்தை அளக்கறாங்க. அந்த ஆறு பேரையும் அடுத்த மாசத்தோட… சரி, அதை நான் பேசிக்கறேன். நீங்க இந்த ரிப்போர்ட்டை மட்டும் அச்சடிச்சுக் கொடுங்க.”

“சரிங்க சார்” என்று அவள் வாய் சொல்லிவிட்டது. பதினெட்டு வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய்.

அறைக்குத் திரும்பி, கணக்குப் போட்டுப் பார்த்தாள். எட்டு மணிக்கு வெளுத்து வந்த வண்டியின் சீட்டும் நாலு மணிக்குத்தான் ஸ்கேனாகிறது. கணினிக்கு அது எட்டு மணி நேரத் தாமதம். இரண்டரைக்கு வந்த வண்டிக்கு ஒன்றரை மணி. எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் நாலேகால். அந்தப் பெண்கள் ஒன்பதேகாலுக்கே மடித்து அடுக்கிய துணியை, கணினி நாள் முழுக்க அவர்கள் மேசையிலேயே கிடத்தி வைத்திருந்தது. கணினிமேல் குற்றம் சொல்ல முடியாது. அதனிடம் அப்படித்தான் சொல்லப்பட்டது. சொன்னது அவள்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். கணவரின் தங்கை. மூன்று வருஷம் முன்பு சிஸ்டம் அக்காதான் முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள். அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் சோற்று டப்பாவோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். சேதி அதற்குள் இரும்புச் சுவரைத் தாண்டிவிட்டது. சிக்னல் போகாத இடத்துக்கும் இந்த மாதிரிச் சேதி போய்விடும்.

“மெஷின் வருதாமே, அண்ணி?”

“யார் சொன்னா?”

“டீ மெஷின்கிட்ட நின்னு மாப்பிள்ளை சார் போன்ல பேசினாராம். நாங்க நாலு மணி நேரம் துணியைப் போட்டுட்டுக் கதை பேசறோம்னு கம்ப்யூட்டர் சொல்லுதாமே. மேஸ்திரியம்மா காலையிலேருந்து வாயைத் திறக்கல. அவங்க வாயைத் திறக்கலன்னா எனக்குப் பயமா இருக்கு.”

சிஸ்டம் அக்கா சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள்.

“நீங்க சொன்ன மாதிரிதானே அண்ணி டப்பாவுல போட்டோம்?”

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டாள், தாங்கள்தான் ஏதோ தப்பாகப் போட்டுவிட்டோமோ என்பது போல. அதனால்தான் அது நேராகப் போய்த் தைத்தது.

“ஆமா. நான் சொன்ன மாதிரிதான் போட்டீங்க” என்றாள். மீதிச் சோற்றை அப்படியே மூடி வைத்தாள்.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னாள். லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷர். எதையும் மாடி கணக்கில்தான் யோசிப்பார்.

“போய்ச் சொல்லிட்டா என்ன ஆகும்?”

“பதினோரு மாசம் தப்பு ரிப்போர்ட் கொடுத்தியான்னு கேப்பாரு.”

“கேட்டா?”

“என்னையும் அனுப்பலாம்.”

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “என் தங்கச்சிக்கும் அங்க, உனக்கும் அங்க. ஒரே கயித்துல ரெண்டு பேரும் தொங்கறீங்க. நீ பாட்டுக்குக் கையை விட்டா ரெண்டு பேரும் கீழ வர்றீங்க.”

“சொல்லலன்னா அவ மட்டும் வருவா. கூட அஞ்சு பேரு.”

“அதான் சொல்றேன்” என்றார். என்ன சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நாளைக்கே போய்ச் சொல்லிடு. ரெண்டு நாள் தள்ளினா உன் மூஞ்சியைப் பாக்க முடியாது” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, அச்சடித்த ரிப்போர்ட்டோடு இன்னொரு தாளையும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை சாரின் அறைக்குப் போனாள். முந்தின நாள் மடிப்புப் பகுதியில் பதிவான நேரங்கள் அந்தத் தாளில் வரிசையாக இருந்தன. நாலு மணி இரண்டு நிமிஷம். நாலு இரண்டு. நாலு மூன்று. நாலு மூன்று. பக்கம் முழுவதும் அதேதான்.

அவர் வரிசையை விரலால் தடவிக்கொண்டே வந்தார். புத்திசாலி. பாதிப் பக்கத்திலேயே விரல் நின்றுவிட்டது.

“எல்லாமே நாலு மணிக்கா?”

“நான்தான் சார். அங்க சிக்னல் வராது. சீட்டை டப்பாவுல போடச் சொல்லி, நாலு மணிக்கு நான் மொத்தமா ஏத்தறேன். எண்ணிக்கை சரியா இருக்கும். நேரம் பொய்.”

“எவ்வளவு நாளா?”

“பதினோரு மாசமா.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “நான் இதை வச்சு மெஷினே வாங்கப் போறேன். உங்களுக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். இப்ப வந்து எண்ணு பொய்ன்னு சொல்றீங்க. நான் எதை நம்பறது?”

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். ஆனாலும் காது சுட்டது.

“என்னை நம்ப வேணாம் சார். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க. உண்மையான நேரத்தை எடுத்துக் கொடுக்கறேன். அதுலயும் நாலு மணி நேரம்னு வந்தா நானே அளக்கற டேப்பைப் பிடிக்கறேன்.”

“வெள்ளிக்கிழமை நாலு மணி” என்றார். “அதுக்கப்புறம் ஒரு தாள் கொண்டு வந்தாலும் பாக்க மாட்டேன்.”

சிக்னல் இல்லாத இடத்தில் நேரத்தை எப்படி எடுப்பது? வயர் இழுக்கலாமா என்று சுவரைச் சுற்றி வந்து பார்த்தாள். டிரையர் வெப்பத்தில் வயர் உருகிவிடும். கடைசியில் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்டாள். பிறகு ஒரு பெண் வந்தாள்.

“சிக்னல் இல்லாத இடமா மேடம்? ஸ்கேனர்ல மெனுவைத் திறங்க. மூணாவது பக்கம். ‘சேமித்து அனுப்பு’ன்னு இருக்கா? அதை ஆன் பண்ணிடுங்க. ஸ்கேன் பண்ணின நேரத்தோட உள்ளயே வச்சுக்கும். சிக்னல் வந்ததும் தானா ஏத்திடும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

மூன்று நோட்டு எழுதிய பெண் அவள். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்துக் கற்றவள். இந்த ஸ்கேனரின் மூன்றாவது பக்கத்தை மட்டும் திறந்து பார்க்கவில்லை. அது வந்த வாரத்தில் அவளுக்கு எதையும் திறந்து பார்க்கத் தெம்பில்லை. நாற்பது நொடி வேலைக்குப் பதிலாகப் பதினோரு மாதம் டப்பா. சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஸ்கேனரை எடுத்துக்கொண்டு மடிப்புப் பகுதிக்குப் போனாள். மேசையின் இரு பக்கமும் நின்று இருவர் இருவராக விரிப்பின் முனைகளைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் கைகள் நின்றன.

“இனிமே டப்பா கிடையாது. ஒவ்வொரு வண்டி முடிஞ்சதும் உடனே இதுல காட்டணும். சக்கரம் சுத்தாது. நான் சரிபண்ணிட்டேன். சாயங்காலம் நானே வந்து வாங்கிட்டுப் போறேன், சிக்னல் இருக்கற இடத்துல தானா ஏறிக்கும்.”

“இப்ப சரியாகறது அப்ப ஏன் ஆகல?” என்றாள் மேஸ்திரியம்மா.

“எனக்குத் தெரியல. அதான் காரணம்.”

மேஸ்திரியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அறுபதைத் தொடப்போகிறவள். விரிப்பில் ஒரு விரல் அளவு கோணல் இருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். “தெரியலன்னு சொல்ற ஆளை இந்தக் கூடத்துல இப்பத்தான் பாக்கறேன்” என்று சொல்லி, ஸ்கேனரை வாங்கி மேசை ஓரத்தில் வைத்தாள். “சரி, ஆகட்டும். மடிங்கடி.”

அவர்கள் நேரம் மட்டும் தெரிந்தால் போதாது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. சலவைக்கும் மடிப்புக்கும் நடுவில் டிரையர் இருக்கிறது. அங்கே போகும் நேரமெல்லாம் மடிப்புக் கணக்கில்தான் விழுகிறது. டிரையர் ஓட்டுகிறவரிடம் போனாள். எல்லோரும் அவரை ‘ஹீட்டர்’ என்றார்கள். வேலையாலும் அந்தப் பெயர் பொருந்தும், குணத்தாலும் பொருந்தும்.

“அண்ணே, ஒவ்வொரு சீட்டு மேலயும் உள்ள போட்ட நேரம், வெளிய எடுத்த நேரம், எந்த டிரையர்னு பென்சில்ல எழுதிக் கொடுங்க. மூணு நாளைக்குப் போதும்.”

“எதுக்கு? அங்க ஆறு பேரு தலை தப்பணும்னு என் தலையை வைக்கப் பாக்கறியா?”

“உங்க தலையை வச்சு நான் என்ன பண்றது?”

“அதானே. முடி கூட இல்ல.” தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “ரெண்டாம் நம்பர் டிரையர்ல சூடு ஏறலன்னு நான் ரெண்டு தடவை சொல்லியாச்சு. பாதித் துணி ஈரமா வருது. மறுபடி உள்ள போடறேன். யாரு கேட்டா?”

“யார்கிட்ட சொன்னீங்க?”

“பெரியவர்கிட்ட ஒரு தடவை. இவர்கிட்ட ஒரு தடவை.”

“வாயாலயா?”

“வேற எதால சொல்லுவாங்க?”

“வாயால சொன்னது எந்த ஸ்க்ரீன்லயும் வராதுண்ணே. எழுதுங்க.”

அவர் முணுமுணுத்தார். ஆனால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

மூன்று நாள் அவளுக்கு வழக்கமான வேலையோடு இதுவும் சேர்ந்தது. மத்தியானம் ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை, ஹீட்டர் எழுதிய நேரங்களைச் சீட்டு சீட்டாகப் பார்த்துத் தட்டச்சு செய்தாள். அவருடைய ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் எழுந்து போய்க் கேட்டாள். “மறுபடியுமா?” என்பார். “மறுபடியும்தான்” என்பாள். ஒரு ஏழு ஒன்றாக மாறினால் மொத்தமும் பொய் என்று மாப்பிள்ளை சார் சொல்லிவிடலாம். அந்த இடம் கொடுக்க அவள் தயாராக இல்லை. வியாழக்கிழமை வருகை பதியும் பெட்டி மறுபடி மக்கர் செய்தது. அதைத் துணியால் துடைத்து, “நீயாவது ரெண்டு நாள் சும்மா இரு” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு ஒரே ஒரு தாளோடு போனாள்.

முதல் டிரையரில் ஒரு வண்டித் துணிக்குச் சராசரி நாற்பது நிமிஷம். இரண்டாவதில் ஒரு மணி ஐம்பது நிமிஷம், ஏனென்றால் பாதி வண்டிகள் இரண்டு தடவை உள்ளே போயின. மடிப்புப் பகுதியில் வண்டி வந்து நின்றதிலிருந்து மடித்து முடிக்கும் வரை இருபத்தாறு நிமிஷம். மூன்று நாளும் சேர்த்து வேனில் ஏறாமல் தங்கியவை பதினாறு வண்டி. பதினாறும் இரண்டாம் நம்பர் டிரையரிலிருந்து நாலரை மணிக்கு மேல் வெளியே வந்தவை.

மாப்பிள்ளை சார் நிறைய நேரம் படித்தார். சீட்டுக் கட்டைக் கேட்டு வாங்கி, பத்துச் சீட்டைத் தானே உருவித் தாளோடு ஒத்துப் பார்த்தார். பத்தும் பொருந்தியது. பிறகு அவளை அழைத்துக்கொண்டு டிரையருக்குப் போய், வெளியே எடுத்த ஒரு போர்வையைக் கையால் அழுத்தினார். உள்ளங்கை ஈரமானது.

“நீங்க என்கிட்ட சொன்னீங்க இல்ல?” என்றார் ஹீட்டரிடம்.

“சொன்னேன் சார்.”

“ஆமா. சொன்னீங்க.” ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். அளக்க வருகிறவர்களுக்குப் போன் போட்டு, இரண்டு வாரம் தள்ளி வரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை. தள்ளித்தான் போட்டார்.

அடுத்த புதன்கிழமை மெக்கானிக் வந்து டிரையரைப் பிரித்தார். உள்ளே சூடேற்றும் கம்பிகள் மூன்றில் இரண்டு செத்துக் கிடந்தன. மாற்றினார். டிரையர் பக்கமும் ஸ்கேன் பண்ண ஓர் இடம் வைத்தார்கள்; இனி அங்கே போகும் நேரம் மடிப்புக் கணக்கில் விழாது. மறுநாளிலிருந்து துணி காய்ந்து பறந்து வந்தது. தங்கும் வண்டி இரண்டாகக் குறைந்தது, பிறகு ஒன்று, பிறகு இல்லை. மருத்துவமனைத் தொலைபேசி ஒலிக்காத முதல் காலையில், கருவி கெட்டுவிட்டதோ என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள்.

ஆனால் இரண்டாவது வாரம் மாப்பிள்ளை சார் மறுபடி கூப்பிட்டார். திரையில் அதே கட்டம் அதே சிவப்பில் இருந்தது. பக்கத்தில் அனுப்புக் கட்டமும் சிவந்திருந்தது; வேன் ஐந்து மணிக்குத்தான் என்பதால் அதை அவர் விட்டுவிட்டார்.

“இப்ப நேரம் உண்மைதானே?”

“உண்மை சார்.”

“இருபத்தாறு நிமிஷம் இருந்தது இப்ப அம்பத்தி ஒண்ணு. கெடு அரை மணி.”

அவளுக்குக் கால் வலித்தது. உட்காரச் சொல்லவில்லை. தானாகவே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷத்தில் அந்த அறையில் முதல் தடவை.

ஐம்பத்தொன்று ஏன் என்று அவளுக்குத் தெரியும். இதுவரை ஓட்டை டிரையர் துணியைச் சொட்டுச் சொட்டாக அனுப்பியது. இப்போது கொட்டுகிறது. மேசை முன்னால் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. இதை டப்பாவின் மேல் போட முடியாது. யார் தப்பும் இல்லை. எண் பொய்யும் இல்லை. இரண்டு வாரமாகக் காப்பாற்றிய ஆறு பேரை உண்மையான எண்ணே இப்போது வாசலுக்கு அனுப்பப் பார்க்கிறது.

“சார், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“நமக்கு வேண்டியது மடிப்பு சீக்கிரம் முடியறதா, வேன் அஞ்சு மணிக்கு முழுசாப் போறதா?”

அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார்.

“ஒரு வாரமா ஒரு வண்டி தங்கல. கடைசி வண்டி நாலரைக்கு முடிஞ்சுடுது. நடுவுல துணி அம்பது நிமிஷம் மேசை முன்னால நின்னா யாருக்கு என்ன? அது சுத்தமாக் காஞ்ச துணி. அதுக்குப் பசிக்குதா? மெஷின் வச்சா அஞ்சு நிமிஷத்துல முடியும். முடிச்சு? வேனுக்காக அனுப்பற இடத்துல போய் நிக்கும். அப்ப அந்தக் கட்டம் இன்னும் சிவப்பாகும்.”

“அப்ப இந்தக் கட்டம் எதுக்கு?”

“நாமதான் சார் கேட்டோம், எந்த இடத்துல எவ்வளவு நேரம்னு. அது சொல்லுது. எத்தனை வண்டி தங்குச்சுன்னு நாம கேக்கவே இல்லை.”

அவர் திரையைப் பார்த்தபடி பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். வெளியே டிரையர் நின்று மணியடித்தது.

“தங்கின வண்டியை இதுல காட்ட முடியுமா?”

“முடியும்.”

“முதல் கட்டமா அதைப் போடுங்க. மத்தது கீழ போகட்டும்.” கொஞ்சம் பொறுத்து, “மெஷின் வேணாம். இந்த வருஷத்துக்கு வேணாம்” என்றார். அந்த ‘இந்த வருஷத்துக்கு’ என்பதை அவளுக்குக் கேட்கும்படி நிதானமாகவே சொன்னார். எழுந்திருக்கும்போது இன்னொரு காகிதத்தையும் நீட்டினார். பதினோரு மாதம் தவறான நேரம் பதிவானதற்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டு, அவள் பெயருக்கு. “நல்லது பண்ணினீங்க. ஆனா இது ஃபைல்ல இருக்கணும்.”

“இருக்கட்டும் சார்” என்றாள்.

மடிப்புப் பகுதிக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். யாரும் துள்ளவில்லை. ஒருத்தி மேசையில் கையூன்றிக் கண்ணை மூடிக்கொண்டாள். மேஸ்திரியம்மா, “ஒரு வருஷம்னா ஒரு வருஷம்” என்றாள். “அடுத்த வருஷம் எனக்கு இடுப்பு இருக்கோ இல்லையோ.” நாத்தனார்தான் ஸ்கேனரைத் தூக்கிக் காட்டினாள்.

“அண்ணி, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தடவை கையைத் துடைச்சுட்டு இதைப் பிடிக்கணும். ஒரு நாளைக்கு அறுபது தடவை. டப்பாவே தேவலாம்.”

“வாயை மூடிட்டு மடி” என்றாள் சிஸ்டம் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள், கொட்டாவிதான் வந்தது.

அறைக்கு வந்து விளக்கம் எழுத உட்கார்ந்தாள். சிக்னல், இரும்புச் சுவர், வேலைப்பளு என்று முதலில் பாதிப் பக்கம் வந்தது. படித்துப் பார்த்து அழித்தாள். பிறகு இரண்டே வரி எழுதினாள். ‘மடிப்புப் பகுதியில் ஸ்கேனர் வேலை செய்யாததை அப்போதே தெரிவித்திருக்க வேண்டும். நான் சோர்வாக இருந்ததால் தெரிவிக்கவில்லை.’

‘சோர்வாக’ என்பதை எடுத்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். எடுத்தால் அந்த வரி பொய்யாகிவிடும். அப்படியே அச்சடித்து, தேதி போட்டு, கையெழுத்திட்டாள்.